இரண்டாவது சாம்பிள்

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு மனசு சரியில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சரியாக நாலு மணிக்கு என் மகள் ஜெஸ்லின் சூடானிலிருந்து கூப்பிடுவாள். அதற்குள் முத்துச்செல்வி என்ற, நான் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அவள் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ராஜசிங் வாத்தியார் என்றால் சாத்தூரில் நாலு பேருக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைக் கணக்கால் அடித்தவன். கடைசிக் காலத்தில் என்னைப் போன் தாங்கி ஆக்கிவிட்டாள் என் மகள்.

ஜெஸ்லின் சிவகாசியில் தீக்காய வார்டில் பத்து வருடம் நர்ஸாக இருந்தவள். போன வருடம் அதை விட்டுவிட்டு, சண்டையில் வீடுவாசல் இழந்து ஓடிவந்த ஜனங்களுக்குக் கூடாரத்தில் வைத்தியம் பார்க்கும் ஓர் அமைப்பில் சேர்ந்தாள். "தீக்காயம் பாக்கணும்னா நம்ம பக்கம் இல்லாத தீக்காயமா? ஆப்பிரிக்காவுக்குப் போயித்தான் பாக்கணுமா?" என்று கத்தினேன். "இங்கன நான் இல்லாட்டா இன்னொரு நர்ஸ் வருவாப்பா. அங்கன யாரும் வரமாட்டாங்க" என்றாள். அதோடு மூன்று மாதம் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவள் அம்மா பாக்கியவதியோடு பேசும்போது பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒட்டுக்கேட்பதோடு சரி. அப்படிப்பட்டவள் நேற்று, "போனை அப்பாட்ட குடும்மா" என்றாள்.

அங்கே கல்தூமா என்று ஒருத்தி. இருபத்திரண்டு வயது. ஊருக்குத் தீ வைத்தபோது எரிகிற கதவைக் கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். பதினோரு நாள் நடந்து முகாமுக்கு வந்து சேர்ந்தாளாம். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தாகிவிட்டது, புண்ணும் அநேகமாக ஆறிவிட்டது. ஆனால் வலது கையை விரிக்கமாட்டேன் என்கிறாள். வலி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே வச்சிருந்தான்னா தோலு சுருங்கி, விரலு உள்ளங்கையோட ஒட்டிரும்ப்பா. அப்புறம் என்ன செஞ்சாலும் வராது. எரிஞ்ச கை மறுபடி கையாகும்னு அவ நம்பவே இல்ல. என் வார்டுல இருந்த முத்துச்செல்வி அக்கா கையை அவ ஒரு தடவ பாக்கணும்" என்றாள் ஜெஸ்லின். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நீங்க போனா அக்கா தட்டமாட்டாங்கப்பா" என்று சேர்த்துக்கொண்டாள். ஐஸ் வைக்கிறாள் என்று தெரிந்துதான் கிளம்பினேன்.

ஊருக்கு வெளியே, முள்கம்பி வேலி போட்ட ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு இந்தப் பக்கம் இருந்தது முத்துச்செல்வியின் வீடு. நாற்பது வயதிருக்கும். தரையில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். இடது கை மட்டும்தான் வெளியே தெரிந்தது. வலது கை முந்தானைக்கு அடியில் வேலை செய்துகொண்டிருந்தது. நான் யாரென்று சொன்னதும் விருட்டென்று எழுந்து, "ஐயோ, சிஸ்டரம்மாவோட அப்பாவா! வாங்க சார், சாப்பிட்டீகளா?" என்று சேலைத் தலைப்பாலேயே நாற்காலியைத் துடைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"சார், என் மருமகன்கூட இந்தக் கையைப் பாத்ததில்ல. கலியாணம், காதுகுத்து எதுக்குப் போனாலும் மூடிக்கிட்டேதான் போவேன். அந்தப் பிள்ளைகிட்ட எம்புட்டு வேணும்னாலும் பேசுதேன். காட்டச் சொல்லாதீக."

எட்டு வருடத்துக்கு முந்தைய வெடி விபத்து. ஆஸ்பத்திரியில் பந்தை அமுக்கு, விரலை நீட்டு என்று சொன்னால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாளாம். ஒருநாள் ஜெஸ்லின் வெடிமருந்து அடைக்காத வெறும் காகிதக் குழாய் ஒரு பையும் நூற்கண்டும் கொண்டுவந்து கட்டிலில் கொட்டிவிட்டு, "அக்கா, எனக்குச் சரம் பின்னக் கத்துக்குடுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். சரவெடிக்குத் தடை வராத காலம் அது. "அந்தப் பிள்ளை தப்புத் தப்பாப் பின்னும் சார். பாக்கச் சகிக்காம நானே பிடுங்கிப் பின்ன ஆரம்பிச்சேன். வேணும்னுதான் தப்பாப் பின்னுச்சுன்னு வீட்டுக்கு வந்த பெறவுதான் புரிஞ்சுச்சு" என்று முத்துச்செல்வி சிரித்தாள். சின்ன வயதில் எங்கள் தெருவில் அத்தனை பெண்களோடும் உட்கார்ந்து சரம் பின்னியவள் ஜெஸ்லின். அவளுக்கா பின்னத் தெரியாது! இத்தனை வருடத்தில் இந்தக் கதையை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நானும் வார்டில் என்ன செய்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன் வந்தது. ஜெஸ்லின் கறுத்து, இளைத்துப் போயிருந்தாள். "அக்கா" என்று கூப்பிட்டவள் போனைத் திருப்பினாள். இரும்புக் கட்டிலில் ஒரு பெண். நீளமான கழுத்து, பெரிய கண்கள். விரல்கள் மட்டும் வெளியே தெரிய, வெள்ளைக் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு இறுக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் அந்த ஊர் நர்ஸ் ஒருத்தி. ஜெஸ்லின் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவள் அரபியில் மாற்றிச் சொன்னாள். முத்துச்செல்வி பேசிக்கொண்டே போனாள். வலிக்கத்தான் செய்யும் தாயி, நானும் அழுதேன் தாயி, இப்பம் சோறு பொங்குதேன், தலை சீவுதேன். கல்தூமா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "காட்டச் சொல்றா அக்கா" என்றாள் ஜெஸ்லின். முத்துச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானைக்குள் கை அசைந்தது, ஆனால் வெளியே வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போனில் படம் ஆடியது. கட்டில் காலியாக இருந்தது. பிறகு கூடாரத்தின் கூரை தெரிந்தது, யாரோ வீறிட்டார்கள். சரி, டவர் போய்விட்டது என்று போனை மேலே தூக்கிப் பிடித்தேன்.

"அப்பா, அங்கன என்ன சத்தம்?" ஜெஸ்லின் கத்தினாள்.

"சத்தமா? ஒரு சத்தமும் இல்லையேம்மா."

"வெடிச்சதுப்பா! இங்க எல்லாரும் தரையில விழுந்து கிடக்காங்க. கல்தூமா கட்டிலுக்கு அடியில போயிட்டா."

நானும் முத்துச்செல்வியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாலு மணி சாம்பிள்! தினமும் நாலு நாலரைக்குள் கம்பெனி வேலிக்கு வெளியே பொட்டலில் இரண்டு வெடி போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது டீ குடிக்கிற மணி. சுவரே அதிர்ந்திருக்கும், எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. அறுபத்தெட்டு வயதில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. ஊரையே பறிகொடுத்து வந்தவளின் தலைமாட்டில் கொண்டுபோய் வெடியைப் போட்டுவிட்டோம். போனை அணைத்துவிட விரலைக் கொண்டுபோனேன்.

"சார், அமத்தாதீக." முத்துச்செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இப்பம் அமத்துனா அந்தச் சத்தம் அவளுக்குள்ளயே நின்னுபோகும். எனக்கு ஒரு வருசம் நின்னுச்சு. சாம்பிள் போட்டாலே கட்டிலுக்கு அடியிலதான் கெடப்பேன். இருங்க, வாரேன்."

செருப்புக்கூடப் போடாமல் பொட்டலைப் பார்த்து ஓடினாள். அங்கே போர்மேன் முனியசாமி அடுத்த சாம்பிளைத் தரையில் வைத்துவிட்டு, கையில் ஊதுபத்தியோடு குனிந்துகொண்டிருந்தார். இவள் இடது கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். அவள் குனிந்து எதையோ அள்ளிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"சிஸ்டரம்மா, போனைக் கட்டிலுக்கு அடியில கொண்டு போங்க."

படத்தில் இருட்டு. இருட்டுக்குள் இரண்டு கண்கள். முத்துச்செல்வி முந்தானையை உதறித் தோளில் போட்டாள். எட்டு வருடம் மூடி வைத்திருந்த வலது கையை நீட்டி, போனுக்கு நேராக விரித்தாள்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். தோல் வழவழவென்று மெழுகு வடிந்த மாதிரி இருந்தது. சுண்டுவிரலில் நகம் இல்லை. ஆனால் ஐந்து விரலும் நிமிர்ந்து நின்றன. உள்ளங்கை நிறையச் சிவப்பும் நீலமுமாக, வெடித்த வெடியின் கிழிந்த காகிதம். என் மகள் பத்து வருடம் என்ன வேலை பார்த்தாள் என்பது அந்தக் கையில் இருந்தது. போன் ஆடாமல் இருக்க இன்னொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"பாரு தாயி, அம்புட்டுத்தான். வெறும் காகிதம். இங்கன உன்னை யாரும் சுடல. இன்னொண்ணு பாக்கி இருக்கு. அதை இப்பம் நான் வெடிக்கச் சொல்லமாட்டேன், அந்த அண்ணாச்சியும் தன்னால வெடிக்கமாட்டாரு. நீ எப்பம் கையை விரிக்கியோ அப்பம்தான் நான் சைகை காட்டுவேன், அதுக்குப் பெறவுதான் வெடிக்கும். வேண்டாம்னா மூடியே வச்சுக்கோ. பொழுதடையுற வரைக்கும் அவரு அப்படியே நிப்பாரு."

ஜெஸ்லின் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த ஊர் நர்ஸ் அரபியில் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கும் விஷயத்தின் வீரியம் பிடிபட்டுவிட்டது போலிருக்கிறது, கடைசி வார்த்தைகளை மட்டும் மெதுவாக இரண்டாவது தடவை சொன்னாள். கல்தூமாவின் கண்கள் முத்துச்செல்வியின் கையைவிட்டு நகரவே இல்லை. என்னவோ கேட்டாள். "நான் சொன்னாத்தானான்னு கேக்கிறா" என்றாள் ஜெஸ்லின்.

"நீ சொன்னாத்தான்" என்றாள் முத்துச்செல்வி.

நான் போனை வாசல் பக்கம் திருப்பிப் பொட்டலைக் காட்டினேன். வெயிலில் முனியசாமி தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஊதுபத்தி பாதி எரிந்துவிட்டது. கம்பெனிக்குள்ளிருந்து யாரோ "என்னலே, இன்னும் போடலையா?" என்று கத்த, அவர் திரும்பாமலே, இரு என்று கையைக் காட்டினார்.

போனை மறுபடி திருப்பினேன். கட்டிலுக்கு அடியில் அந்த வெள்ளைக் கட்டு நெஞ்சைவிட்டு ஒரு சாண் வெளியே வந்திருந்தது. கட்டைவிரல் நடுங்கி நடுங்கி விலகியது. அவள் பல்லைக் கடிப்பது இங்கே கேட்டது. ஆள்காட்டி விரல் பாதி எழுந்து நின்றது, மறுபடி மடங்கியது, மறுபடி எழுந்தது. முத்துச்செல்வி இடது கையை வாசலுக்கு வெளியே உயர்த்தி வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் போனிலிருந்து எடுக்காமல் நின்றாள். பிறந்ததிலிருந்து வெடிச்சத்தத்தில் வாழ்ந்தவன் நான், முதல் தடவையாக ஒரு வெடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

நடுவிரல் எழுந்தது. முத்துச்செல்வி உயர்த்தியிருந்த கையைக் கீழே இறக்கினாள். பொட்டலில் முனியசாமி, சாம்பல் தட்டாத ஊதுபத்தியோடு, மெல்லக் குனிந்தார்.