சிவக்க மறுத்த குடுவை

அமில லாரி வாசலுக்கு வந்து இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. சோதனை அறையில் என் குடுவை இன்னும் தண்ணீர் போலவே இருந்தது.

வேலை எளிதுதான். லாரியிலிருந்து எடுத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தண்ணீர் கலந்து குடுவையில் வைக்க வேண்டும். மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் தீர்ந்ததும் குடுவை இளஞ்சிவப்பாகும். அதுவரை செலவான காரத்தை வைத்து அமிலத்தின் வலுவைக் கணக்கிடுவோம். வழக்கமாக இருபத்தொரு மில்லி. இன்று ஐம்பது மில்லி பியூரெட் இரண்டு முறை காலி.

"என் வண்டியில இருக்கிறது ஆசிட்டா, அடங்காப்பிடாரியா?" என்று ஜன்னலில் தலை நீட்டினார் ஓட்டுநர்.

"சும்மா இருங்கண்ணே," என்றார் சீனியர் அக்கா. "காரம் நோஞ்சானா இருக்கும். காத்துல உள்ள கார்பன் டைஆக்சைடைக் குடிச்சே இளைச்சுப் போயிருக்கும்."

"நேத்துதானே கரைச்ச? ஒரே நாள்ல இளைக்க அதென்ன மாப்பிள்ளை பார்த்த பொண்ணா?" என்றார் மேலாளர். "அவங்க சல்ஃப்யூரிக்கை ஏத்தி அனுப்பிட்டாங்க. அதான் ரெட்டைத் தீனி கேக்குது."

"ரெட்டைன்னா நாப்பத்திரண்டுல நிக்கணுமே சார். இது நூறு முழுங்கியும் ஏப்பம் விடலையே," என்றார் அக்கா.

"எதுவோ ஒண்ணு. வண்டி திரும்பட்டும்." மேலாளர் நிராகரிப்புப் படிவத்தை எடுத்தார்.

ஓட்டுநரின் சிரிப்பு போய்விட்டது. "சார், திரும்பிப் போனா ரெண்டு நாள் ஆகும். நாளைக்கு என் பொண்ணு முதல் தடவையா ஸ்கூலுக்குப் போறா. அப்பா வந்தாதான் உள்ள போவேன்னு சொல்லியிருக்கா."

குடுவையைக் கழுவலாம் என்று அலமாரிப் பக்கம் திரும்பினேன். அங்கே ஒன்று கண்ணில் பட்டது. மெல்ல நகர்ந்து அதை மறைத்தபடி நின்றுகொண்டேன்.

என் மூன்று மாதப் பயிற்சிக் காலம் நாளையோடு முடிகிறது. என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேலாளர்தான் எழுத வேண்டும். இத்தனை நாளில் நான் அவரிடம் பேசியது "சரி சார்" மட்டும்.

"நீ என்னம்மா சொல்ற? கையெழுத்துப் போட்டுடவா?"

"சரி சார்," என்றது என் வாய், பழக்கத்தில்.

பேனா படிவத்தைத் தொட்டது. ஜன்னலில் இருந்த தலை தொங்கிப்போனது.

"இல்ல சார்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன இல்ல?"

"ஆசிட் நல்ல ஆசிட்தான் சார். காரமும் நல்ல காரம்தான்."

"அப்புறம் யாரு கெட்டவங்க?"

"நான் ஃபீனால்ஃப்தலீன் போடவே இல்ல சார். எனக்குப் பின்னாடி இருக்கிற பாட்டில் மூடியைக்கூடத் திறக்கல. அது ரெண்டு சொட்டு விழாம, லாரி லாரியா காரம் ஊத்தினாலும் சிவக்காது."