தவணை தப்பிய ஊசி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் லூர்தம்மாள்தான் என்னை நிறுத்தி, தன் கதையை எழுதச் சொல்லி, "எய்து சார்" என்றார். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் அண்டா தூக்குகிறவர். எலும்பு மெலிந்து ஒருமுறை மணிக்கட்டு முறிந்தவர்.

முதல் வரி: 'அன்று காலை லூர்தம்மாளின் முதுகெலும்பு...'

(வேண்டாம். முதுகெலும்புக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குத் தொல்லை.)

2

எலும்பு கரைவதைத் தடுக்கப் புது ஊசி ஒன்று போட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒன்று. "தவணை தப்பக்கூடாதும்மா. வேற மருந்துக்கு மாத்தாம நிறுத்தினா முன்னைவிட வேகமா கரையும். முதுகெலும்பே நொறுங்கலாம்" என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அங்கே 'பிரேக்' என்றொரு வழக்கம். நிரந்தரம் கேட்டுவிடுவார்களாம்! அதனால் ஆறு மாதத்துக்கொரு தரம் கணக்கை முடித்து, வீட்டில் உட்காரவைத்து, புது ஆளாகச் சேர்ப்பார்கள். ஊசியை இலவசமாகத் தரும் மெடிக்கல் கார்டும் அதோடு போகும். புதுசு வர மாதக்கணக்காகும். இரண்டாவது ஊசி சரியாக அந்த பிரேக்கில் வந்து மாட்டிக்கொண்டது. கைக்காசு போட்டுக் குத்திக்கொள்ள வசதியில்லை.

"கார்டை மட்டும் ஓட வுடு சார்" என்று சூப்பர்வைசர் சக்திகுமாரிடம் கெஞ்சினார்.

"எல்லாருக்கும் ஒரே ரூல்மா. இப்ப இன்னா, ஒடஞ்சா பூட்ச்சி? ஒடஞ்சா வா, பாக்கலாம்."

அடப்பாவி! ஒடியாமல் இருக்கத்தானய்யா அந்த ஊசியே!

3

முடிவு அ: அண்டா வழுக்குகிறது. லூர்தம்மாள் பிடிக்கக் குனிகிறார், உள்ளே ஏதோ...

(அடித்துவிட்டேன். கை கூசியது.)

முடிவு ஆ: சக்திகுமார் மனம் திருந்தி...

(எனக்கே சிரிப்பு வருகிறது.)

பத்திரிகை நடத்தும் நண்பர் கோபாலுக்கு, அடித்ததையும் சேர்த்து, இரண்டையும் அனுப்பினேன். "முதலாவதை வைங்க. ஒடிஞ்சாத்தானே கதை?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சக்திகுமாரும் இதைத்தானே சொன்னான்! ஒடியும்வரை இவர்கள் யாருக்கும் லூர்தம்மாள் கண்ணில் படமாட்டாரா?

4

பிரேக் முடிந்து லூர்தம்மாள் வேலைக்குத் திரும்பிவிட்டார். புதுக் கார்டு இன்னும் வரவில்லை; ஊசி போடவில்லை. நேற்று மறுபடி பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார், எய்திட்டியா?"

"முடிவு வரலைம்மா."

"அது வர்றதுக்குள்ள புக்குல போடு சார். ஒடஞ்சப்புறம் எய்தி இன்னாத்துக்கு ஆவும்?"

கம்பெனி பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து மெல்ல ஏறினார்.

ஆகவே முடிவு தரமாட்டேன். நீங்கள் இதைப் படிக்கும் நேரம் அவர் சாம்பார் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக் குனிந்திருப்பார். இன்னும் எதுவும் ஒடியவில்லை. இனி உங்கள் பாடு.