படகு வராத பத்து நிமிடம்

...முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, அதைப் போட்டுவிட்டால் கடிதம் முடிந்தது, மற்றதெல்லாம் முத்து முத்தாக வந்திருக்கிறது, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நான்கு வருடம் ஆறு பேர் உட்கார்ந்து கட்டிய விளையாட்டு, ஏரிக்கரையில் ஓர் ஊர், அதில் சண்டை கிடையாது, தோல்வி கிடையாது, கடிகாரம் விரட்டாது, வீடு வை, பாலம் வை, மரம் வை, படகில் ஆட்கள் வந்து குடியேறுவார்கள், அவ்வளவுதான். அதை இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு முதல்முறையாக வெளியாட்கள் நானூறு பேர் திறந்து பார்க்கப் போகிறார்கள், சோதனை ஆட்டம், அந்த நானூறு பேரையும் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுகிற வேலை அவளுடையது. அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே கடிதக்காரி, கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் யாராவது அப்படிக் கூப்பிட்டால் முதுகு தானாக நிமிர்கிறதே, அது ஏன்? சரி, வேலையைப் பார். 'உள்ளே வந்ததும் முதலில் நீங்கள்...' முதலில் நீங்கள் என்ன? விரல் நின்றுவிட்டது. மணி ஒன்பது நாற்பது. அவளுக்குத் தெரியவில்லை.

தெரியவில்லையா? எனக்கா? அந்த ஊரில் குடியேறும் அறுபத்திரண்டு பேருக்கும் பேச்சு எழுதியவள் நான், ரொட்டிக்கடைக்காரிக்கு யார்மேல் கோபம், தபால்காரன் எந்த வீட்டு நாய்க்குப் பயப்படுவான், எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், ஆனால் விளையாட்டைத் திறந்ததும் கண்ணுக்கு முதலில் என்ன தெரியும்? ...மூடுபனி. அப்புறம்? அப்புறம் நாற்பதாம் நாள். அதுதான் வம்பு. ஆரம்பம் மெதுவாக ஊர்ந்து போகும் என்று புரோகிராமர் ஒரு குறுக்கு விசை வைத்துக் கொடுத்திருந்தான், ஒரு தட்டு தட்டினால் நேராக நாற்பதாம் நாள், ஊர் நிறைய ஆள், புகைபோக்கியில் புகை, எல்லோரும் அங்கிருந்துதான் வேலையை ஆரம்பிப்பார்கள், 'நாற்பதுக்குப் போ' என்பது அந்த அறையில் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. அப்படியானால் முதல் நாளுக்கு யார் போனார்கள்? எப்போது? அவள் மனதுக்குள் விரல்விட்டு எண்ணினாள், ஒரு மாதம், இரண்டு, நான்கு... நான்கு மாதமாக ஒருவரும் இல்லை. சொந்த வீட்டின் தலைவாசலை யாருமே எட்டிப் பார்க்கவில்லை, எல்லோரும் கொல்லைப்புறமாகவே புகுந்து புறப்பட்டிருக்கிறோம். குறுக்கு விசையைத் தொடாமல் முதலிலிருந்து தொடங்கினாள். பனி விலகியது. தண்ணீர், மரத்தாலான ஒரு படகுத்துறை, வெற்று நிலம். அடடா, எவ்வளவு அழகு, தண்ணீர் அசைகிற விதத்தைப் பாரேன், இதை யார் பார்த்தாலும்... ஒரு வீடு வைத்தாள். யாரும் வரவில்லை. இன்னொரு வீடு. கிணறு. வேலி. பத்து நிமிடம். படகு வரவில்லை.

பயப்படாதே, நீ அவசரக்காரி, எதையோ விட்டிருப்பாய், புதுக் கண் ஒன்று வேண்டும். கீழ்த்தளத்தில் பல் மருத்துவமனை, அங்கே டோக்கன் கொடுக்கும் பெண்மணிக்கும் இவளுக்கும் படிக்கட்டுச் சிநேகம், ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒன்றும் சொல்லிக்கொடுக்கக் கூடாது, வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும், அதுதான் முறை, எவ்வளவு கஷ்டமான முறை. "அய்யோ, சூப்பரா இருக்கே! இது நீங்க பண்ணதா?" "நாங்கதான்." அந்த 'நாங்கதான்' தொண்டையிலிருந்து வரவில்லை, நெஞ்சிலிருந்து வந்தது. டோக்கன்காரி இரண்டு வீடு வைத்தாள், மூன்று வைத்தாள், ஒரு பாலத்தை வைத்து எடுத்து மறுபடி வைத்தாள். "வீடு கட்டியாச்சு, ஆளைக் காணோமே? டோக்கன் கொடுக்கணுமா இதுக்கும்?" சிரிப்பு. ஐந்து நிமிடம் கழித்துச் சிரிப்பு இல்லை. "ஏம்மா, ஊரைக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கே, ஒரு மாதிரி பயமாக்கூட இருக்கு." ஒன்பதாவது நிமிடம் எழுந்தே விட்டாள், டாக்டர் தேடுவார், அப்புறம் வரேன்... வரமாட்டாள். அந்த 'அப்புறம்' எந்த 'அப்புறம்' என்று தெரியாதா? நானூறு பேரும் இதே மாதிரி ஒன்பதாவது நிமிடத்தில் எழுந்துபோவதை அவள் வரிசையாகப் பார்த்தாள், கதவு தானாக மூடிக்கொண்டது.

புரோகிராமருக்கு இருபத்தொன்பது வயதில் பாதி தலை நரைத்துவிட்டது, அதனால் எல்லோருக்கும் அவன் சித்தப்பா. "சித்தப்பா, படகு ஏன் வரல?" அவன் பார்க்கக்கூட இல்லை. "துறையில விளக்கு வெச்சியாக்கா? விளக்கு இருந்தாத்தான் வரும்." "அதை விளையாட்டுல யாரு சொல்லுவா?" "துறைக் காவலாளி சொல்லுவான்..." அவன் பாதியில் நிறுத்தினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துறைக் காவலாளி! நடக்கச் சொன்னால் பின்பக்கமாகவே நடந்து தொபுக்கென்று தண்ணீரில் விழுவான், எவ்வளவு திருத்தியும் விழுவான், அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, கடைசியில் நான்கு மாதத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் அவனைத் தூக்கிவிட்டார்கள். அவன் போனபோது அவன் வாயிலிருந்த அந்த ஒரே வாக்கியமும் போய்விட்டது. நாற்பதாம் நாளில்தான் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்குமே, யாருக்குத் தெரியும்? அந்தக் கூட்டத்தில், 'அவன் வேண்டாம், தூக்கிடலாம்' என்று முதலில் சொன்னது யார்... தெரியும், தெரியும், சும்மா இரு. அவன் வாக்கியத்தை எழுதியதும் நீதான், அவனைத் தூக்கியதும் நீதான். "இப்ப சேர்க்க முடியுமா?" "சேர்த்து, சோதிச்சு, ஏத்தி, விளையாட்டை வெளியிடுற தளத்துக்காரங்க சரின்னு சொல்லி... சாயங்காலம் ஆயிடும்கா." மணி பத்தரை.

முதலாளிக்கு அவளைவிட ஐந்து வயது குறைவு, எல்லோரும் கேப்டன் என்பார்கள், கப்பலையே பார்த்ததில்லை பாவம். கேட்டதும் முகம் சுண்டிப்போயிற்று. ஏற்கெனவே இரண்டு முறை தேதியைத் தள்ளியாகிவிட்டது, மூன்றாவது முறை தள்ளினால் இந்த நானூறு பேர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், தள்ளாவிட்டால் பத்தே நிமிடத்தில் ஓடிப்போவார்கள். "தள்ளிடலாம்கா. வேற வழியில்ல." "கடிதத்துல சொல்லிடறேன் கேப்டன், விளக்கு வைங்கன்னு." "லெட்டரை யாருக்கா படிக்கிறா? நானே படிக்கிறதில்ல." அது சுருக்கென்று குத்தியது, விளையாட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு நான்கு வருடமாக வாராவாரம் எழுதுகிறேன், இவன் படித்ததே இல்லையா, சரி, அந்தப் பஞ்சாயத்து அப்புறம். "படிப்பாங்க." "எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் என்ன சோதனை?" "நானூறு பேரும் ஒரே சுவத்துல முட்டிக்கிட்டு நிப்பாங்கன்னு இப்பவே தெரியும், அதுக்கு எதுக்கு சோதனை? நான் எழுதினா படிப்பாங்க." இப்படி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை, ஆனால் வந்தபிறகு அதைத் திரும்ப வாங்கவும் மனமில்லை. கேப்டன் உற்றுப் பார்த்தான். "பாதிப் பேராவது விளக்கு வைக்கலேன்னா?" "இனிமே லெட்டரை நீங்களே எழுதுங்க. நான் எழுத மாட்டேன்." சித்தப்பா நாற்காலியோடு திரும்பி, "அய்யய்யோ, இவர் எழுதினா இருக்கிறவங்களும் ஓடிடுவாங்களே" என்றான், ஒருவரும் சிரிக்கவில்லை. "பதினொண்ணரைக்குள்ள எனக்குக் காட்டுங்க" என்றான் கேப்டன்.

பதினொன்றரைக்குள். முதல் வடிவம், 'அன்பு நண்பரே, பனி மூடிய ஏரியில் ஒரு படகு உங்களைத் தேடி அலைகிறது'... அழகுதான், ஆனால் இதைப் படித்தவர் படகைத்தான் தேடுவார், விளக்கை அல்ல. அடி. இரண்டாவது, பத்து குறிப்புகள் வரிசையாக, உங்கள் கணினிக்கு இது வேண்டும், இந்த இடத்தில் எழுத்து மங்கும், ஆடு சில சமயம் கூரைமேல் நிற்கும், ஏழாவதாக விளக்கு... ஏழாவதை எவன் படிப்பான்? அடி. அந்த நேரம் பார்த்துக் கணவன் போன், பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர், எந்த வண்டி எந்த மேடை என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்கிற மனிதர், பன்னிரண்டு மணிக்கு அவளுக்குப் பெரிய நாள் என்று வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டே வரியில் கதையைச் சொன்னாள். "என்கிட்டயா கேக்குற? பத்து வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன், நாலாம் மேடை நாலாம் மேடைன்னு, சொல்லி முடிச்ச உடனே ஜன்னல்ல தலையை விட்டு, சார் எந்த மேடைன்னு கேப்பான்." "யாருமே கேக்க மாட்டாங்களா?" "கேப்பான், ஒண்ணே ஒண்ணு சொன்னா கேப்பான். ரெண்டாவது சொன்னேன்னு வை, முதல் போச்சு. வைக்கட்டுமா, வண்டி வந்துடுச்சு." அவருக்குப் பின்னால் இரைச்சல், வைத்துவிட்டார், வாழ்த்தை மறந்துவிட்டார். ஒண்ணே ஒண்ணு. அத்தனையையும் அழித்தாள். ஆடு போயிற்று, பனி போயிற்று, தான் மிகவும் ரசித்து வைத்திருந்த ஒரு உவமை போயிற்று, பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது, கீழே பல் மருத்துவமனையில் துளைக்கிற மெஷின் சத்தம் வேறு. மீதி நின்றது இதுதான்: 'படகுத்துறையில் ஒரு விளக்கு வையுங்கள். வைத்தால்தான் முதல் படகு வரும். இதை விளையாட்டே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மறந்துவிட்டோம், தவறு எங்களுடையது. வாருங்கள்.' சோதனை முடிந்ததும் ஊர் அழிக்கப்படும் என்பதும், மற்ற குறிப்புகளும் கீழே, தனி இணைப்பில். கேப்டன் இரண்டு முறை படித்தான். "தவறுங்கிறதை எடுத்துடலாமே." "எடுத்தா அது உத்தரவு மாதிரி இருக்கும். இருந்தா நம்ம வீட்டுப் பேச்சு." அவன் தலையைச் சொறிந்துகொண்டு, சரி, அனுப்புங்க என்றான்.

பன்னிரண்டு. கதவு திறந்தது. சுவரில் பெரிய திரை, உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர், விளக்கு வைத்தவர்கள் எத்தனை பேர், இரண்டே எண்கள். நாற்பத்தொன்று, பூஜ்யம். எழுபது, பூஜ்யம். சித்தப்பா நகத்தைக் கடித்தான், அவள் கடிக்கவில்லை, கடித்தால் தெரிந்துவிடும். நூற்றுப் பத்து, பூஜ்யம்... படிக்கவில்லையா, ஒருவர்கூடவா, நான் எழுதினால் படிப்பாங்க என்று எந்தத் தைரியத்தில்... மூன்று. யாரோ மூன்று பேர். ஒன்பது. முப்பத்தைந்து. அப்புறம் எண்ண முடியவில்லை, சடசடவென்று கோடை மழை மாதிரி ஏறியது, எங்கெங்கோ இருக்கும் வீடுகளில், முகம் தெரியாத யார் யாரோ, அவள் எழுதிய ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு, அதை நம்பி, துறைக்குப் போய் விளக்கு வைக்கிறார்கள், பனிக்குள்ளிருந்து அவர்களுக்குப் படகு வருகிறது, ரொட்டிக்கடைக்காரி இறங்குகிறாள், அவள் எழுதிக் கொடுத்த பேச்சைப் பேசுகிறாள். பன்னிரண்டரைக்கு உள்ளே இருந்தவர்கள் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு, விளக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. கேப்டன் எழுந்தான். தன் நாற்காலியை, அந்த அறையில் முதுகு வலிக்காத ஒரே நாற்காலியை, உருட்டிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனான். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் என்ன, இன்றைக்கு உட்காரலாம். நான்கு வருடத்தில் இப்படி ஒரு உட்காரல் உட்கார்ந்ததில்லை.

"அந்த ஒருத்தர் பாவம்கா" என்றான் சித்தப்பா. "இன்னும் விளக்கு வைக்கல. அரை மணி நேரமா காலி ஊர்ல சுத்திக்கிட்டிருக்கார். லெட்டர் படிக்கல போல, தனியா ஒரு மெசேஜ் தட்டி விடு." அதற்கென்ன, தட்டிவிடலாம், ஒருவரைக்கூட விடக் கூடாது, தொண்ணூற்றாறும் தொண்ணூற்றாறாக இருந்தால் இன்னும் அழகு, 'வணக்கம், படகுத்துறையில் ஒரு விளக்கு...' என்று எழுதிவிட்டு, அனுப்பும் முன் அவர் ஊரை ஒரு பார்வை பார்க்கலாம் என்று திறந்தாள். வீடு இல்லை. ஒரு வீடுகூட இல்லை. மரங்கள், அப்புறம் ஒரு பெஞ்சு, இன்னொரு பெஞ்சு, மொத்தம் பதினொன்று, எல்லாமே தண்ணீரைப் பார்த்து. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு பெஞ்சை எடுத்துக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார், மரம் மறைத்தது போல. மறுபடி நகர்த்தினார். ஒன்பதாவது நிமிடத்தில் எழுந்துபோகாத இந்த மனிதர் யார், ஆணா, பெண்ணா, யாருக்காக இத்தனை பெஞ்சு? காத்திருக்கிறாரா? டோக்கன்காரிக்குப் பயமாக இருந்த அதே நிலம்தானே இது. பாவம், படிக்கவே இல்லை... அஞ்சல் பட்டியலில் அவருடைய எண்ணைத் தேடினாள். கடிதம் திறக்கப்பட்டிருந்தது. பதினொன்று முப்பத்தேழுக்கு ஒரு முறை, பன்னிரண்டு பத்துக்கு ஒரு முறை, சற்று முன்னால், பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு, இன்னொரு முறை. மூன்று தடவை. அந்த முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து பேரில் எவரும் மூன்று தடவை படித்திருக்கவில்லை. வைத்தால்தான் முதல் படகு வரும் என்று நான்தானே எழுதினேன்... அப்படியானால், வைக்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள், அதுதான் வேண்டுமா இவருக்கு? "என்னக்கா, அனுப்பிட்டியா?" என்றான் சித்தப்பா. "இரு" என்றாள். திரையில் பன்னிரண்டாவது பெஞ்சு வந்து நின்றது.