இடது ஜன்னலில் மேற்குத் தாம்பரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கையிலிருந்து கிடைத்தது. என் கை இல்லை. எழுபத்து நாலாம் வருஷம், தாம்பரத்தில் கிளம்பி பீச் போகும் மின்சார ரயிலில் என் எதிர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. வெள்ளைச் சட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. வண்டி நகர்ந்தது. அவருடைய வலது [இல்லை, இடது] [விடுங்கள், இதற்குப் பிறகு வருகிறேன்] கை முழங்காலின் மேல் எதையோ பிடிப்பதுபோலக் குவிந்து மெதுவாக முன்னால் போயிற்று. வண்டி வேகம் எடுக்க எடுக்க அதுவும் போயிற்று. பிறகு தான் செய்வதைத் தானே பார்த்துவிட்டு, கையை இழுத்துப் பையின் மேல் வைத்துக்கொண்டார்.

அவர் பெயர் ஜெபசீலன் என்பதும், என் மகளுக்குக் கணக்கு எடுக்கும் ரத்தினபாய் டீச்சரின் கணவர் என்பதும், ஒரு காலத்தில் விமானம் ஓட்டியவர் என்பதும் பின்னால் தெரிந்தது. டீச்சர் சொன்னது கொஞ்சம். மீதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள். இத்தனை தரம் திருத்தி எழுதிய பிறகு எனக்கே பிரித்துச் சொல்ல வராது.

2

முதல் தொடக்கம்: "வானம் எல்லோருக்கும் பொதுவானது என்று ஜெபசீலன் நம்பியிருந்த காலம்"

அடித்துவிட்டேன். பள்ளி ஆண்டு விழாவில் பேசுகிறவர் மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "1967இல் இரு விமான நிறுவனங்கள் இணைக்கப்பட்டபோது விமானிகளின் பணிமூப்பு தொடர்பாக எழுந்த"

இது மனு. கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்.

மூன்றாவது: "விமானத்தில் முன்னால் இரண்டு சீட்டு உண்டு." இது தேவலை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

விமானத்தில் முன்னால் இரண்டு சீட்டு உண்டு. இடது சீட்டு கேப்டனுக்கு. வலது சீட்டு துணை விமானிக்கு. இருவருக்கும் நடுவில் இஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் பிடிகள். இடது சீட்டுக்காரர் அவற்றை வலது கையால் தள்ளுவார். வலது சீட்டுக்காரர் இடது கையால். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை கடைசியில் இருக்கிறது.

மீனம்பாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. (அதற்கு நாலு பெயர் வைத்துப் பார்த்தேன். நாலும் ஊறுகாய்க் கம்பெனி மாதிரி இருந்தன. பெயர் வேண்டாம்.) இரண்டு டகோட்டா விமானம், ஆறு விமானிகள். விடிவதற்குள் பத்திரிகைக் கட்டுகளை மதுரைக்குக் கொண்டுபோவார்கள். திரும்பும்போது மல்லிகைக் கூடைகள். இந்த ஆறு பேருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. போகும்போது ஒருவர் இடது சீட்டு என்றால் வரும்போது மற்றவர். கேப்டன் யார், துணை யார் என்பதெல்லாம் ஆபீஸ் காகிதத்தோடு சரி.

ஜெபசீலன் எப்போதும் 'வருவதை'த்தான் கேட்டு வாங்குவார். காரணம் உண்டு. திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் விமானம் தணியும். ரயில் பாதையை ஒட்டியே வடக்கே வரும். பெருங்களத்தூர் கடந்தால் இடது ஜன்னலில் மேற்குத் தாம்பரம். அதில் ஒரு மொட்டை மாடி. சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் ரத்தினபாய் அந்த மாடியில் சிவப்புக் கட்டம் போட்ட போர்வையைக் காயப்போடுவாள். அது துவைத்த போர்வையா துவைக்காத போர்வையா என்பது வேறு விஷயம். ஜெபசீலன் இறக்கையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டுவார். அவள் கீழே இறங்கி உலை வைப்பாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமான இரண்டு பேர் இப்படிக் கூத்தடித்தார்கள் என்று எழுத எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

வலது ஜன்னலில் என்ன தெரியும்? ஏரி தெரியும், அதற்கப்பால் கடல் தெரியும். கடலை யார் பார்ப்பார்கள்?

4

இப்போது அந்தத் தப்பு. ஆறு பேர் மட்டும் இருக்கும் இடத்தில், ஒருவரை ஒருவர் நம்பிய இடத்தில் மட்டும் நடக்கக்கூடிய தப்பு.

கேப்டன் ஆக வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து வரும் பரிசோதகரை அருகில் வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் வருவதே அபூர்வம். வந்தாலும், இரண்டு விமானத்தை வைத்துப் பிழைக்கும் கம்பெனி ஒருவருக்குத்தான் விமானம் ஒதுக்கும். அறுபத்தைந்தில் முறை ஜெபசீலனுடையது. அடுத்தவன் குரோம்பேட்டை ராஜாராமன், அவரைவிட ஆறு வயது சின்னவன். அவனுக்கு அப்போது ஒரு வரன் கூடி வந்திருந்தது. பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை கேப்டன் ஆகட்டும், தேதி குறிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ராஜாராமன் எதுவும் கேட்கவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு வாரம் வலது சீட்டில் வந்தான், அவ்வளவுதான். ஜெபசீலன் ஆபீசுக்குப் போய், இந்தத் தடவை அவன் போகட்டும், நான் அடுத்த தடவை என்று சொல்லிவிட்டு வந்தார்.

ராஜாராமன் மாசியில் கேப்டன் ஆனான். ஜெபசீலன் ஆடியில் ஆனார். நடுவில் கல்யாணம் நடந்தது. ஜெபசீலனும் ரத்தினபாயும் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

5

[இந்தப் பகுதியில் முதலில் பதினாறு பாத்திரங்கள் இருந்தன. கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் தப்பித்தீர்கள்.]

அறுபத்தேழில் பம்பாய்க் கம்பெனி ஒன்று சின்னக் கம்பெனியை விழுங்கியது. பேப்பரில் 'இணைப்பு' என்று போட்டார்கள். அங்கே அறுபது விமானிகள், அவர்களுக்கு ஒரு சங்கம். இங்கே ஆறு பேர், இவர்களுக்கும் ஒரு சங்கம். இவர்களுடைய சங்கம் ஜெபசீலன் வீட்டு ஹாலில் கூடும், ரத்தினபாய் காபி போடுவாள். தலைவர் ஜெபசீலன். வேறு யாரும் அந்த வேலையை விரும்பவில்லை.

சண்டை பணிமூப்பைப் பற்றி.* சேர்ந்த தேதிப்படி வரிசை வை என்றார்கள் இவர்கள். இணைந்த தேதிப்படி வை, அதாவது நீங்கள் ஆறு பேரும் எங்கள் அறுபது பேருக்கும் கீழே என்றார்கள் அவர்கள். ஏழெட்டு மாதம் இழுத்த பிறகு ஒரு சமரசம் வந்தது. அறுபத்தைந்து சித்திரைக்குள் கேப்டன் ஆனவர்கள் கேப்டனாகவே இருப்பார்கள். அதற்குப் பிறகு ஆனவர்கள் வலது சீட்டுக்குப் போய் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். ஆறில் ஐந்து பேர் கோட்டுக்கு இந்தப் பக்கம்.

ஆறாவது ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹாலில் அதை வாசித்து முடித்ததும் யாரும் காபியைத் தொடவில்லை. ஜெபசீலன் மறுத்தால் சமரசம் உடையும். உடைந்தால் ஆறு பேரும் வலது சீட்டு. 'என் முறையை நான் விட்டுக்கொடுத்தேன்' என்று ஒரு வார்த்தை ராஜாராமனைப் பற்றிச் சொன்னாலும் பம்பாய்க்காரர்கள் எல்லாருடைய தேதியையும் கிளறுவார்கள். அதற்குத்தான் அவர்கள் காத்திருந்தார்கள். ஜெபசீலனுக்கு இது தெரியும். ஓட்டெடுப்பில் முதல் கையைத் தூக்கியவர் அவர்தான். கடைசிக் கை ராஜாராமனுடையது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினான்.

அன்று எல்லாரும் போன பிறகு ரத்தினபாய் கேட்டாள்.

"அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அஞ்சு வீட்ல அடுப்பு எரியாது, பாய்."

"நான் அஞ்சு வீட்டப் பத்திக் கேக்கல. உங்ககிட்ட. உங்ககிட்ட ஒரு வார்த்தை."

அவர் ஆறிப்போன காபித் தம்ளர்களை எடுத்து அடுக்கினார். அவரும் அதே வார்த்தைக்குத்தான் ஏங்கினார். சீட்டு போனது ஒரு துக்கம். அதை வாங்கிக்கொண்டவன் வாய் திறக்காதது அதைவிடப் பெரிய துக்கம்.

* விமானிக்குப் பணிமூப்பு என்றால் எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸுக்கு வீட்டிலா நாகபுரி விடுதியிலா என்பது வரை அதில் அடக்கம். ஒரு படி இறங்கினால் வீட்டுக் காலண்டரே மாறிவிடும்.

6

ராஜாராமனை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். மெல்லிய மீசை வைத்தேன், தங்கக் கடிகாரம் கட்டினேன். அவன் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பையன் பிறந்து நாலு மாதம் சார், நான் என்ன செய்யட்டும் என்றான். எனக்கும் தெரியவில்லை.

குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் இரண்டாவது ஸ்டேஷன். அந்தத் தூரத்தைக் கடந்து வந்து அவன் கதவைத் தட்டுவதாக ஒரு காட்சி எழு

வேண்டாம். அவன் வரவில்லை. வராமலிருந்ததுதான் நடந்தது.

7

கம்பெனி வேன் ஓட்டியவர் துளசிங்கம். விமானிகளை வீட்டில் வந்து ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் போவார். வேனில் முன் சீட்டு கேப்டனுக்கு. அப்படி ஒரு மரியாதை. சமரசத்துக்குப் பிறகு முதல் முறையாக ஜெபசீலனுக்கும் ராஜாராமனுக்கும் ஒரே விமானம் விழுந்த நாளில், தாம்பரத்தில் ஏறிய ஜெபசீலன் நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தார். குரோம்பேட்டையில் ராஜாராமன் முன் கதவைத் திறந்தான், பின்னால் இருப்பவரைப் பார்த்தான், கதவைச் சாத்தினான். அவனும் பின்னால் ஏறிக்கொண்டான்.

பல்லாவரம் வரை துளசிங்கம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா சார், ரெண்டு பேரும் பின்னால குந்திகினு வர்றீங்க. முன்னாடி சீட்டு சும்மா கீது."

காலி சீட்டு முன்னால் போக, கேப்டனும் முன்னாள் கேப்டனும் பின்னால் போனார்கள்.

8

மதுரை. அதே நாள், சனிக்கிழமை. விடிந்து வெயில் வரத் தொடங்கியிருந்தது. பத்திரிகைக் கட்டுகள் இறங்கி மல்லிகைக் கூடைகள் ஏறிவிட்டன. ஜெபசீலன் வலது சீட்டில் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். ராஜாராமன் உள்ளே வந்தான். ஆனால் உட்காரவில்லை. இரண்டு சீட்டுக்கும் பின்னால், குனிந்த தலையோடு நின்றான். டகோட்டாவில் நிமிர்ந்து நிற்க இடம் போதாது என்பது ஒரு காரணம்.

"அண்ணா, போனது எனக்கு. வர்றது உங்களுக்கு."

ஜெபசீலன் திரும்பவில்லை.

"அதெல்லாம் பழைய கம்பெனி, ராஜா."

"விமானம் அதேதான்."

புதுக் கம்பெனியின் சட்டம் கண்டிப்பானது. வலது சீட்டுக்கு எழுதப்பட்டவர் இடது சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். காட்டிக்கொடுக்க மீனம்பாக்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை. நாலு மாதம் ஆன பையனை வைத்துக்கொண்டு ராஜாராமன் அதைத்தான் நீட்டிக்கொண்டு நின்றான். வேறு எதையும் கொடுக்க அவனிடம் இல்லை. சங்கத்தில் வாயைத் திறந்தால் ஐந்து வீடு போகும். இதில் போனால் தன் வீடும் இவர் வீடும் மட்டும். இப்படிக் கணக்குப் போட்டு வந்திருந்தான், மடையன்.

"அன்னைக்கு உங்க வீட்டு ஹால்லயே சொல்லியிருக்கணும்ணா. முடியல. பயமா இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டது. இத்தனை மாதமாக ஜெபசீலன் எதற்கு ஏங்கினாரோ அது வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. மல்லிகை வாசனை மூச்சை முட்டியது. அவர் இடது சீட்டைப் பார்த்தார். தோல் உறை நடுவில் பழைய கிழிசல், அவரே ஒட்டிய பிளாஸ்திரி. அதற்கப்பால் இடது ஜன்னல்.

9

முடிவு அ: ஜெபசீலன் எழுந்து மாறி உட்காருகிறார். இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. ஆகவே சந்தேகப்பட்டேன்.

முடிவு ஆ: "உன் சீட்ல உக்காரு ராஜா, பூ வாடிடும்" என்கிறார். அவ்வளவு பெரிய மனசு அவருக்கு உண்டு. ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை முறையை விட்டுக்கொடுத்த மனிதரை மறுபடியும் விட்டுக்கொடுக்க வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

முடிவு இ: மூன்றாவது ஒருவர் உள்ளே வந்து

கோழைத்தனம். அடித்துவிட்டேன்.

கடைசியில் நான் ரத்தினபாய் டீச்சரிடமே கேட்டேன். அந்தப் புதுக் கம்பெனியும் சில வருஷத்தில் மூடிவிட்டது, டகோட்டாக்கள் பழைய இரும்பாகப் போயின, இப்போது அவர் பாரிமுனையில் ஒரு டயர் கம்பெனி ஆபீசில் இருக்கிறார், இனி யார் வேலையும் போகாது, சொல்லலாம் என்றேன். டீச்சர் என் மகளின் நோட்டைத் திருத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தச் சனிக்கிழமை போர்வை போட்டிருந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ப்ளேன் றெக்கை ஆடிச்சு. ஆட்டினது யாருன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல."

"கேட்டிருக்கலாமே டீச்சர்."

"எதுக்கு? அன்னைக்கு அவர் ராஜாராமனைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தார். எனக்கு அது போதும்."

எனக்குப் போதவில்லை. வலது சீட்டிலிருந்து தன் மாடியைப் பார்க்க முடியாத ஒருவருக்காக, ராஜாராமன் ஆட்டியிருக்கலாம். இடது சீட்டிலிருந்து அவரே பார்த்து ஆட்டியிருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி, ரயிலில் நான் பார்த்த கை. வலது கை என்றால் அவர் இன்னும் இடது சீட்டில் இருக்கிறார், அந்த ஜன்னலை அவர் விடவில்லை. இடது கை என்றால் வலது சீட்டோடு என்றைக்கோ சமாதானமாகிவிட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருப்பவருடைய வலது எது, இடது எது என்பதில் எனக்குச் சின்ன வயசிலிருந்தே தகராறு. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அதே வண்டியில் போய்ப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே நீங்கள் வாருங்கள். தாம்பரம் ஸ்டேஷன், பீச் வண்டி, ஜன்னலோர சீட்டு. உங்கள் இரண்டு கைகளும் மடியில் இருக்கின்றன. மதுரையில் ராஜாராமன் இன்னும் குனிந்தபடி நிற்கிறான், இடது சீட்டு இன்னும் காலி, மாடியில் போர்வை காய்கிறது. இதோ, வண்டி நகர்கிறது. யோசிக்காமல் ஒரு கையை முன்னால் தள்ளுங்கள்.