பளபளன்னு ஒரு செயின்வீல்

எங்க அக்கா புருஷன் ஜலாலுதீன் மச்சான்கூட சாமான் வாங்க கடைக்குப் போறதும் சாக்கடையில இறங்குறதும் எனக்கு ஒண்ணுதான்.

அவரு சைக்கிள்ல மீன் விக்கிறவரு. எழுபத்தெட்டாம் வருஷம், மீன்கூடையில இருந்து ஒழுகுற உப்புத்தண்ணி அவரு சைக்கிள் செயின்வீலோட பல்லை அரிச்சிடுச்சு. மிதிக்கிறப்பல்லாம் செயின் கழண்டுது. பொன்னேரி சைக்கிள் கடைக்காரர் ரெண்டு புதுச் செயின்வீலை எடுத்துப் போட்டாரு. ஒண்ணு கனமான கறுப்பு இரும்பு. இன்னொண்ணு முலாம் பூசின லேசான தகடு, விலை கம்மி.

"கறுப்பை எடுங்க மச்சான், அதான் உப்புக்குத் தாங்கும்"னு சொன்னேன்.

"மங்கலா இருக்கிறதை எவனாவது வாங்குவானா? மீன் பாக்கத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா?"ன்னு பளபளப்பை எடுத்துக்கிட்டாரு.

ஒரே மாசத்துல முலாம் செதில் செதிலா உரிஞ்சு, பல்லு மழுங்கி, கூடையோட ரோட்டுல விழுந்தாரு. சேத்துல கெடந்த இறாலைப் பொறுக்கினது நான்.

பழைய மீனோட செவுள்ல ரத்தம் தடவி, புதுசுன்னு விக்கிற மனுஷன், கடைக்காரர்கிட்டப் போய், "இன்னாய்யா, மேல பூசி ஏமாத்துறே"ன்னு நியாயம் கேட்டாரு.

கடைக்காரர் அந்தச் செயின்வீலைக் கையால கூடத் தொடல.

"போன வாரம் நீங்க எனக்குக் குடுத்த மடவை மீனுக்கும் செவுள் செவப்பாத்தான் இருந்துச்சு பாய்"னாரு.