அவள் மடித்த பாராசூட்

தன் துணை ஒரு பெண் என்று பாராசூட் மடிக்கும் சார்ஜென்ட் முந்தின நாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னவர்களைப் படையிலிருந்து நீக்க வேண்டும் என்பது விதி.

"விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடும்மா, விட்டுடலாம்," என்றார் கர்னல்.

"விளையாட்டுக்கா சார் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துவாங்க?"

"பசங்க உன்னை நம்பணுமே."

"பை வாங்குற இடத்துல நீங்களே நின்னு பாருங்க."

ஒவ்வொரு பாராசூட் பையிலும் மடித்தவர் பெயர் இருக்கும். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். குதிக்க வந்தவர்கள் அவள் பெயரைப் பார்த்துவிட்டே பையை முதுகில் மாட்டிக்கொண்டார்கள். முசுடு என்று பட்டப்பெயர் வாங்கிய வீரன் மட்டும் பையைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"வேற வேணுமாய்யா?" என்றார் கர்னல்.

"இல்ல சார், பட்டையைத் தளர்த்தணும். மெஸ் சாப்பாடு வேலையைக் காட்டுது." தளர்த்தி மாட்டிக்கொண்டான். "அக்கா வீட்டுல யாரு இருக்காங்கன்னு எனக்கெதுக்கு? குதிச்சா இது விரியும், அது போதும்."

அவர்கள் விமானத்துக்குப் போனதும் கர்னல் குரலைத் தாழ்த்தினார். "நான் மேலிடத்துக்கு எழுதல. நீயும் இனிமே இதைப் பேசாதே."

"எழுதுங்க சார். இப்பப் பார்த்ததையும் சேர்த்து எழுதுங்க. வெளியே சொல்ல முடியாம இன்னும் எத்தனையோ பேர் இருக்காங்க. எனக்குச் சலுகை வேண்டாம், விதி மாறணும். விசாரணைக்குக் கூப்பிட்டா அவளையும் கூட்டிட்டு வர்றேன்."

கர்னல் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் நேரத்துக்கு வந்துடுங்க," என்றார்.