கழற்றாத பேட்ஜ்கள்

அது திங்கட்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்பதில் இன்றைக்கும் சண்டை இருக்கிறது. பெட்டிகள் ஒன்பது என்கிறார் சுமந்தவர். பதினொன்று என்கிறாள் ஊசியக்கா. பல வாயில் கேட்டுச் சொல்லும் எனக்கும் அங்கங்கே தடுமாறும். ஆனால் பெட்டியைத் திறந்ததும் எழுந்த வாடையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். நனைந்த காகிதமும் துருவும் கலந்த வாடை.

இன்னும் விடியவில்லை. லாரி காப்பகத்தின் பக்கவாட்டுக் கதவில் வந்து நின்றது. நிலவறைக்கு இருபத்திரண்டு படிகள். பெட்டியண்ணன் முதுகில் சுமையோடு, கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கினார். மேலே லிஃப்ட் இருந்தது. அது பார்வையாளர்களுக்கு.

"லிஃப்டுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் அண்ணே, உங்களை ஏத்திக்குதான்னு," என்றாள் ஊசியக்கா.

"கேட்டேன்மா. குளிச்சிட்டு வரச் சொல்லிச்சு."

ஊசியக்காவுக்கு ஐம்பது நடந்துகொண்டிருந்தது. பழைய ஆவணங்களில் துருவேறிக் கிடக்கும் ஊசிகளைக் காகிதம் கிழியாமல் கழற்றுவது அவள் வேலை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லிய தகட்டை அடியில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நெம்பு. அவசரப்பட்டால் காகிதம் போகும், அல்லது விரல் போகும்.

அந்த வாரம் எல்லாம் அவசரம். காப்பகத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் தேர்தலில் நிற்கிறார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு; அவரே அதைச் சொல்வதில்லை. "நான் அவரோட பேரன்" என்றுதான் எங்கும் ஆரம்பிப்பார். அதனால் நிலவறையில் அவர் வெறும் பேரன். தாத்தா ஒரு காலத்தில் நகரமன்றத் தலைவராக இருந்தவர். அவருடைய பிரச்சாரப் பொருள்களுக்கு வெள்ளிக்கிழமை கண்காட்சி. பேரனின் உத்தரவு ஒரே வரி: பேட்ஜ்களைக் கழற்றித் துடைத்து மேலே அனுப்பவும், காகிதங்களை அரைவைக்குப் போடவும்.

ஆள் போதவில்லை என்று, ஆவணங்களைப் படமெடுக்கும் பெண்ணையும் ஊசி வேலைக்கு இழுத்தார்கள். தடித்த கண்ணாடி போட்டவள், அதனால் நிலவறையில் அவள் பெயரே கண்ணாடி; இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கையுறை கேட்டாள். வரும் என்றார்கள், வரவில்லை. முதல் நாளே, முதல் பேட்ஜின் கம்பி நகத்தடியில் ஏறி உள்ளேயே ஒடிந்தது. மறுநாள் விரல் கறுத்து வீங்கியது. அதற்கடுத்த நாள் இனி வரவேண்டாம் என்று அவளுக்கு ஃபோன் போயிற்று.

அவள் தொட்டதோடு விட்ட பெட்டியை ஊசியக்கா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. விளக்கை நகர்த்தினாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்பவும் விளக்கை நகர்த்தினாள். பதினாறு வருஷமாக அவள் ஊசியைத்தான் பார்த்திருக்கிறாள், காகிதத்தை வாசித்ததில்லை. வாசித்தால் வேலை ஓடாது. அன்று எப்படியும் கை ஓடவில்லை, வாசித்தாள்.

"ஆஸ்பத்திரி முன்வாசலை எல்லோருக்கும் திறப்பதாகச் சொல்லி இதைக் கொடுத்தீர்கள். ஓட்டுப் போட்டோம். இரண்டு வருஷமாகியும் பின்வாசலில்தான் நிற்கிறோம். திறந்துவிட்டுக் கொடுங்கள், குத்திக்கொள்கிறோம்."

கீழே ஒரு கைநாட்டு. மேலே, தாளோடு சேர்த்துக் குத்திய தகர பேட்ஜ். அதில் ஒரு திறந்த கதவின் படம். அடுத்த தாளும் அப்படியே. அதற்கடுத்ததும்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்களை முன்வாசலில் விடாத காலம் அது. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்தவர்கள் அவர்கள்தான். வெளுத்த விரிப்புகள் முன்வாசல் வழியாகப் போகும். வெளுத்தவள் பிரசவ வலியோடு வந்தால் பின்வாசல். ஊசியக்காவின் அம்மா அந்தச் சலவைக்கூடத்தில் இருந்தவள்.

நாற்பதாவது தாளோ என்னவோ. கைநாட்டின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. துணி பிழியும் உருளையில் சிக்கி மீண்ட கட்டைவிரல் அது. அம்மா தலை வாரிவிடும்போது அந்த வடு அவள் நெற்றியில் சொரசொரவென்று உரசும்.

அவள் அந்தத் தாளைக் கீழே வைக்கவில்லை. கிழிந்த தாள்களை ஒட்டும் இருவர், அண்ணியும் நாத்தனாரும்கூடத் தங்கள் ஓயாத சண்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அண்ணே, இதைக் கழட்டிட்டா தாளுல என்ன தெரியும்?"

பெட்டியண்ணன் குனிந்து பார்த்தார். "ரெண்டு ஓட்டை."

"மேல கண்ணாடிப் பெட்டியில?"

"இருநூறு பேரு ஆசையா குத்திக்கிட்ட பேட்ஜ்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். "அடப்பாவிங்களா!"

மதியம் பேரன் இறங்கி வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு.

"என்ன, எல்லார் கையும் சும்மா இருக்கு?"

"கழட்ட மாட்டோம் சார்," என்றாள் ஊசியக்கா.

"ஏன்? அந்தம்மா மாதிரி நீங்களும் ஒரு ஊசிக்கு நாடகமா?"

"அந்த விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்னமோன்னு டாக்டர் சொல்றாரு சார். இதைப் படிங்க."

படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் வேறு ஏதோ எழுதியிருக்கும் என்பதுபோல.

"இது இப்ப யாருக்குத் தெரியணும்? கடைசியில தாத்தா கதவைத் திறந்தாருல்ல?"

"திறந்தாரு. இதையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, துணியைத் தொட மாட்டோம்னு அம்மாவும் மத்தவங்களும் பத்தொன்பது நாள் உக்காந்த பிறகு. எனக்கு அப்ப ஆறு வயசு. அம்மா வீட்டுலயே இருக்குதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம்." அவள் தாளின் ஓரத்தை நீவிவிட்டாள். "பட்டினின்னு அப்புறம்தான் புரிஞ்சுது."

"நாளைக்கு இந்த வேலைக்கு வாசல்ல பத்து பேரு நிப்பாங்க."

"நிக்கட்டும் சார். அவங்களுக்கும் படிச்சுக் காட்டுறோம்," என்றார் பெட்டியண்ணன்.

பேரனின் செருப்புச் சத்தம் இருபத்திரண்டு படியும் ஏறி ஓய்ந்தது. ஊசியக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்தப் பழைய வாசகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

"ஆவணங்களைக் காப்பதற்கு என்று சொல்லி இதைக் கொடுத்தீர்கள். காயம்பட்டவளுக்கு வைத்தியம் பாருங்கள், வேலையைத் திருப்பிக் கொடுங்கள். எல்லோருக்கும் கையுறை கொடுங்கள். ஒரு பேட்ஜையும் தாளிலிருந்து பிரிக்காதீர்கள். பிறகு கொடுங்கள், குத்திக்கொள்கிறோம்."

நெஞ்சில் குத்தியிருந்த பணியாளர் அட்டையைக் கழற்றி, தாளில் குத்தினாள். பெட்டியண்ணன் குத்தினார். எதிலும் ஒத்துப்போகாத அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாக எழுந்து வந்தார்கள். வாசலில் நின்ற காவலாளி, "மூணு வருஷத்துல எனக்கு ஓய்வு. என்னை இழுக்காதீங்கம்மா," என்று படியேறிப் போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பாதிப் படியில் செருப்புச் சத்தம் நின்றது. நின்றபடியே இருந்தது. பிறகு இறங்கி வந்தது.

"இது ஊக்கு இல்லாத அட்டை. உங்ககிட்ட ஊசி இருக்குமே," என்றார்.

சாயங்காலம் கண்ணாடி வந்தாள், வலது கையில் பெரிய கட்டோடு. "நான் குத்துறேன். தாளை மட்டும் பிடிங்க அக்கா." இடது கையால் குத்த நேரம் பிடித்தது. அதுவரை எல்லோரும் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி திறந்தது. நடுவிலிருந்த கண்ணாடிப் பெட்டி காலி. பேரன் தேர்தலில் ஜெயித்தார். ஆறு பேருக்கும் வேலை போயிற்று, வழக்கு நடக்கிறது. பெட்டியண்ணன் சந்தையில் சுமை தூக்குகிறார். வாய்தா நாளில் மட்டும் சட்டையைத் தேய்த்துப் போடுகிறார். காவலாளிக்கு ஓய்வுப் பணம் வரவில்லை. அண்ணியும் நாத்தனாரும் அட்டைப்பெட்டி ஒட்டப் போகிறார்கள், பழையபடி சண்டை போட்டுக்கொண்டே. கண்ணாடியின் விரல் பிழைத்தது, மடங்காது. ஊசியக்கா ஒரு தையற்கடையில் பொத்தான் தைக்கிறாள். ஞாயிறுதோறும் ஐந்து பேர் வீட்டுக்கும் போய்வருகிறாள்.

தீர்ப்பு வரும்வரை நிலவறையைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறார்கள். முத்திரை வைக்கும் முன் பட்டியல் எடுக்க வந்த தொழிலாளர் அலுவலர் அந்தப் புதுத் தாளைத் தூக்கிக் காட்டி, "இதை எங்கம்மா வைக்கிறது?" என்று கேட்டார்.

"எது எப்ப வந்துச்சோ அந்த வரிசையிலதான் சார் வைக்கணும். அதே பெட்டியில, கடைசியா," என்றாள் ஊசியக்கா.

அங்கேதான் இருக்கிறது, இருநூற்றுச் சொச்சம் மனுக்களுக்குப் பின்னால், ஆறு அட்டைகளோடு. இன்றுவரை ஒன்றையும் யாரும் கழற்றவில்லை.